வெள்ளை உப்பின் பாலை – 7: தராசு கேட்டு இறங்கியவர்கள்

சிலி நாட்டின் வடக்கே, பசிபிக் கடலுக்கும் ஆண்டீஸ் மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கும் அட்டகாமா பாலைநிலத்தின் சாலைகளைப் பின்பற்றி, கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்துவரும் இத்தொடரின் முந்தைய பகுதிகள், அவ்வூர்கள் தோன்றிய விதத்தைக் கூறின. 1879-இல் தொடங்கிய பசிபிக் போரின் முடிவில் பெரு நாடு தாராப்பாக்கா மாகாணத்தையும், பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தன. அந்தக் குழப்பத்தில் சுரங்கப் பத்திரங்களை மலிந்த விலைக்கு வாங்கிக் குவித்த ஜான் தாமஸ் நார்த் என்ற ஆங்கிலேயர் நைட்ரேட் அரசர் என்று பெயர் பெற்றார். சிலி அரசோ ஏற்றுமதி வரியில் கிடைத்த பணத்தைக் கொண்டே தன் கருவூலத்தின் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டது.

முதலீட்டாளர்களையும் தளபதிகளையும் பற்றியே இதுவரை பேசிவந்த இவ்வரலாறு, இப்போது மண்ணை உடைத்தவர்களிடம் வந்து நிற்கிறது. இப்பகுதி கூறுவது 1907-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் பன்னிரண்டு நாட்களை.

* * *

இக்கீக்கே துறைமுகத்தை விட்டுக் கிழக்கே புறப்படும் 16-ஆம் எண் சாலை, கடலை ஒட்டிச் சுவர்போல் எழுந்து நிற்கும் மலைச்சரிவின்மீது வளைந்து ஏறி, ஆல்தோ ஒஸ்பிசியோ என்ற இன்றைய பெருநகரைக் கடந்து, பம்பாவை அடைகிறது. பம்பா என்று இங்கு வழங்குவது, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலே, புல்பூண்டு இன்றிக் கிடக்கும் மேட்டுச் சமவெளி; அங்கே வாழ்ந்து உழைத்தவர்கள் பம்பீனோக்கள் எனப்பட்டனர்.

இக்கீக்கேயிலிருந்து 47 கிலோமீட்டர் தொலைவில், வடக்கு தெற்காக ஓடும் 5-ஆம் எண் நெடுஞ்சாலையை இச்சாலை சந்திக்கும் இடத்துக்கு அருகே, ஹம்பர்ஸ்டோன், சாந்தா லாரா என்னும் இரு ஒஃபிசினாக்கள் நிற்கின்றன. ஒஃபிசினா என்பது சுரங்கம், ஆலை, தொழிலாளர் குடியிருப்பு, கடை, மருத்துவ அறை ஆகிய எல்லாமும் ஒரே கம்பெனியின் உடைமையாக அமைந்த குடியேற்றம். 2005-இல் யுனெஸ்கோ இவ்விரண்டையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்ததோடு, அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. 2019-இல்தான் அப்பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன.

ஹம்பர்ஸ்டோனில் இறங்கிப் பார்க்கும் பயணிக்கு நாடக அரங்கும், இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைத்துக் கட்டிய நீச்சல் குளமும், மரத்தூண் தாழ்வாரங்களும் ஒரு வளமான சிற்றூரின் தோற்றத்தைத் தருகின்றன. அத்தோற்றத்தை நம்பி 1907-ஐ மதிப்பிடுவது பெருந்தவறாகும். அக்கட்டடங்களுள் பெரும்பாலானவை 1930-களில், தொழில் சரிந்தபின் புதிய நிர்வாகம் எழுப்பியவை. 1907-இல் இவ்வூர் லா பால்மா என்ற பெயருடன், தகரமும் சாக்குத்துணியும் உப்புக்கட்டியும் கொண்டு அமைத்த வரிசைக் குடிசைகளின் ஊராக இருந்தது.

* * *

தொழிலாளர்கள் ஏன் ஊரை விட்டு இறங்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, காலிச்சே எவ்வாறு உப்பாயிற்று என்பதை முதலில் அறிய வேண்டும். காலிச்சே என்பது மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே பாறைபோல் இறுகிக் கிடக்கும் கனிமப் படிவம். அதில் கலந்திருக்கும் சோடியம் நைட்ரேட்டைப் பிரித்தெடுத்தால், ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகவும் வெடிமருந்துக்கு மூலப்பொருளாகவும் பயன்படும் வெள்ளை உப்பு கிடைக்கும்.

படிவத்தை உடைக்க முதலில் ஓர் ஆள் கடப்பாரையால் குறுகிய துளை ஒன்றை நேர்கீழாக இறக்குவார். பெரியவர்களின் உடல் நுழையாத அத்துளைக்குள் ஒரு சிறுவனை இறக்குவது வழக்கம். அவன் அடியில் குந்தி, வெடிமருந்து வைப்பதற்கான குழியைக் கையால் குடைந்து, மண்ணை அள்ளி மேலே அனுப்பிவிட்டு, கயிற்றைப் பிடித்து ஏறி வருவான். இவ்வேலைக்கென்றே தனிப்பெயர் இருந்தது. குழந்தைகளின் உடல் அளவை நம்பி ஒரு தொழில்முறையே இயங்கியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வெடித்துச் சிதறிய கட்டிகளைச் சம்மட்டியால் பிளந்து, கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியில் ஏற்றி அனுப்பினால், ஆலை வாசலில் கம்பெனியின் மேற்பார்வையாளர் அதைப் பார்வையிடுவார். தரம் போதாது என்று அவர் சொல்லிவிட்டால் வண்டிச் சரக்கு ஓரமாகக் கொட்டப்படும். அதற்குக் கூலி இல்லை. ஒதுக்கப்பட்ட அதே சரக்கைக் கம்பெனி பின்னர் எடுத்துக் காய்ச்சிக்கொள்ளும் என்பதைப் பம்பாவில் அறியாதவர் இல்லை.

ஏற்கப்பட்ட காலிச்சே இயந்திரத்தில் நொறுக்கப்பட்டு, கச்சூச்சோ எனப்படும் பெரும் இரும்புத் தொட்டிகளில், நீராவிக் குழாய்களின் வெப்பத்தால் கொதிக்க வைக்கப்பட்டது. சாண்டியாகோ ஹம்பர்ஸ்டோன் என்று ஸ்பானிய வழக்கில் பெயர் பெற்ற ஜேம்ஸ் ஹம்பர்ஸ்டோன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், பிரிட்டனின் சோடா ஆலைகளில் கையாளப்பட்ட ஷாங்க்ஸ் முறையை 1870-களின் இறுதியில் இங்கே பொருத்திக் காட்டியதிலிருந்து, தாழ்ந்த தரக் காலிச்சேயிலிருந்தும் ஆதாயமாக உப்பெடுக்க முடிந்தது. அந்தத் தொட்டிகளின் வாய்க்குக் கம்பித்தடுப்பு இல்லை. விளிம்பில் நடப்பவர் கால் இடறினால் கொதிக்கும் உப்புநீரில் விழுந்தார். விழுந்தவர் பிழைப்பது அரிது.

* * *

கொதிதொட்டி உடலை வருத்தியது என்றால், வாழ்நாள் முழுவதையும் பிணித்து வைத்தது கடை. புல்பெரியா எனப்பட்ட அக்கடை கம்பெனிக்குச் சொந்தமானது. கூலியின் பெரும்பகுதி நாட்டு நாணயமாகத் தரப்படாமல், ஒஃபிசினாவின் பெயர் பொறித்த ஃபிச்சா என்னும் வில்லைகளாகத் தரப்பட்டது. உலோகத்திலும் கருமையான கடினரப்பரிலும் வார்த்த அவ்வில்லைகள், அவற்றை வெளியிட்ட ஒஃபிசினாவின் வேலிக்கு வெளியே செல்லாக்காசு. உண்மையான பணமாக மாற்ற விரும்பியவர் பல இடங்களில் 30 விழுக்காடு வரை கழிவு கொடுக்க வேண்டியிருந்தது.

அரிசியும் மாவும் சர்க்கரையும் புல்பெரியாவின் தராசில், புல்பெரியாவின் எடைக்கற்களால், கடைக்காரரின் கையால் நிறுக்கப்பட்டன. துணி அவருடைய கோலால் அளக்கப்பட்டது. எடை குறைகிறது என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினாலும், அதைச் சரிபார்க்க வேறொரு தராசு அந்தப் பாலையில் எங்கும் இல்லை. வெளி வணிகர்கள் ஒஃபிசினாவுக்குள் விற்க நுழைவதும் தடுக்கப்பட்டிருந்தது.

பாலைநிலம்தான் இந்த ஆதிக்கத்தை இயலச் செய்தது என்பதைச் சுட்டியாக வேண்டும். வேறெந்த நாட்டுப்புறத்திலும் கூலி பிடிக்காத தொழிலாளி அடுத்த கிராமத்துக்கு நடந்துவிடலாம், ஆற்றில் நீர் குடிக்கலாம், மரத்தடியில் படுக்கலாம். பம்பாவில் நீரும் கம்பெனியுடையது, நிழலும் கம்பெனியுடையது, வெளியேறும் ரயில் பாதையும் மற்றொரு கம்பெனியுடையது. சுரங்க முதலாளிகள் காவலுக்குச் செலவிட்டது குறைவாக இருந்ததற்குக் காரணம், அக்காவலைச் சுற்றியிருந்த வெற்றுநிலமே செய்துகொடுத்ததுதான்.

அரசு இவற்றை அறியாமல் இல்லை. 1904-இலேயே ஓர் ஆய்வுக்குழு வடக்கே வந்து, தொழிலாளர்களின் முறையீடுகளைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு தலைநகர் சாண்டியாகோவுக்குத் திரும்பியது. அதன்பின் மூன்று ஆண்டுகள் கடந்தும் தொட்டிகளுக்குத் தடுப்பு வரவில்லை.

* * *

பொறுமையை முறித்தது நாணயத்தின் வீழ்ச்சி. சிலியின் நாணயமான ஒரு பெசோவுக்கு 18 பிரிட்டிஷ் பென்ஸ் என்று 1895-இல் சட்டம் நிர்ணயித்திருந்த மதிப்பு, 1898-இல் தங்கத்தோடு இருந்த பிணைப்பு கைவிடப்பட்டபின் ஆட்டம்கண்டு, 1907-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

இவ்வீழ்ச்சியால் இருதரப்புக்கும் ஒரே விளைவு நேரவில்லை. கம்பெனிகள் தங்கள் உப்பை லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் தங்க மதிப்புள்ள நாணயத்துக்கு விற்று, கூலியை மதிப்பிழந்த காகிதப் பெசோவிலும் ஃபிச்சாவிலும் கொடுத்தன. ஆகவே பெசோ வீழ வீழ அவற்றின் கூலிச்செலவு தானாகக் குறைந்தது. அதே வேளையில் மாவின் விலை ஏறியது. கூலியை 18 பென்ஸ் மதிப்பில் கணக்கிட வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கையாக எழுந்ததால், வரலாற்று நூல்கள் இதனைப் பதினெட்டுப் பென்ஸ் வேலைநிறுத்தம் என்றும் குறிப்பிடுகின்றன.

டிசம்பர் 10 அன்று சான் லொரென்சோ ஒஃபிசினாவில் வேலை நின்றது. அங்கிருந்து ஆட்கள் குழுவாக அடுத்த ஒஃபிசினாவுக்கு நடந்தனர், அங்கும் நின்றது. மேலாளர்களிடம் முறையிட்டபோது, தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றும், முடிவெடுப்பவர்கள் இக்கீக்கேயில் இருக்கிறார்கள் என்றும் பதில் வந்தது. அப்பதிலைத் தொழிலாளர்கள் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

முடிவெடுப்பவர்கள் துறைமுகத்தில் இருந்தால், துறைமுகத்துக்குப் போவதுதான் வழி.

* * *

ஆல்தோ சான் அந்தோனியோ என்ற ரயில் நிலைய ஊரில் திரண்டவர்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக, டிசம்பர் 14 இரவு ரயில் தண்டவாளத்தை வழிகாட்டியாகக் கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கினர். தென்கோளத்தில் டிசம்பர் கோடைக்காலம். பகல் வெயிலில் அப்பாதையைக் கடக்க முடியாது என்பதால் இரவைத் தேர்ந்தனர். கடலிலிருந்து எழுந்து பம்பாவின்மீது படரும் கமன்சாக்கா என்னும் மூடுபனி, பகலெல்லாம் சுட்ட நிலத்தை நள்ளிரவுக்குப்பின் எலும்பு நடுங்கும் குளிருக்குக் கொண்டுபோய்விடும். டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் அணி மலைச்சரிவின் விளிம்பில் நின்று கீழே இக்கீக்கேயைக் கண்டது.

இவ்வேலைநிறுத்தத்தின் திருப்புமுனை ஆறு நாள் கழித்து நடந்த துப்பாக்கிச்சூடு என்றே பொதுவாக எழுதப்படுகிறது. ஆனால் நிகழ்வுகளின் தொடர்ச்சியைக் கூர்ந்து நோக்கினால், திருப்புமுனை இந்த நடையில்தான் இருக்கிறது. பம்பாவில் ஒவ்வோர் ஒஃபிசினாவும் தனித்தனித் தீவாக இருந்தவரை, சான் லொரென்சோவின் வில்லை சாந்தா லூசியா ஒஃபிசினாவில் செல்லாததைப்போலவே, ஓர் ஊரின் குறை மற்றோர் ஊருக்குச் செல்லுபடியாகாமல் இருந்தது. மலை விளிம்பைத் தாண்டியதும் அவர்கள் ஒரு நகரத்தின் தெருவில், துணைத்தூதரகங்களும் பத்திரிகைகளும் பார்க்கும் இடத்தில், சட்டத்தின்முன் முறையிடும் குடிமக்களாக நின்றனர். முதலாளிகளை அச்சுறுத்தியது அதுதான்.

மறுநாள்களில் மேலும் அணிகள் நடந்தும் ரயிலேறியும் வந்து சேர, நகரில் திரண்டவர்களின் தொகை 10,000-ஐத் தாண்டியது. தோணித்துறைத் தொழிலாளர்கள், வண்டியோட்டிகள், ரொட்டிக் கடைத் தொழிலாளர்கள் என நகரத்துத் தொழிலினரும் அவர்களோடு சேர்ந்தனர். தங்குவதற்கு மனுவேல் மொந்த் சதுக்கத்தை ஒட்டிய தொமிங்கோ சாந்தா மரியா பள்ளிக்கூடம் திறந்துவிடப்பட்டது. பள்ளி நிரம்பியபின், சதுக்கத்தில் அடித்திருந்த சர்க்கஸ் கூடாரமும் உறைவிடமாயிற்று.

ஹொசே பிரிக்ஸ் தலைவராகவும் லூயிஸ் ஒலேயா துணைத்தலைவராகவும் ஒரு குழு அமைந்தது. டிசம்பர் 16 அன்று அக்குழு எழுத்தில் கொடுத்த கோரிக்கைகளே இவ்வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம்.

வில்லைகளை ஒழிக்கும்வரை எந்த ஒஃபிசினாவும் அவற்றைக் கழிவின்றி ஏற்க வேண்டும். கூலி 18 பென்ஸ் மதிப்பில் தரப்பட வேண்டும். வணிகம் தடையின்றி நடக்க வேண்டும். கொதிதொட்டிகள் அனைத்துக்கும் இரும்புத் தடுப்பு போட வேண்டும். ஒதுக்கிக் கொட்டிய காலிச்சேயைக் கம்பெனி பின்னர் காய்ச்சக் கூடாது. தொழிலாளர்கள் கேட்டால் மாலைப்பள்ளி நடத்த இடம் தர வேண்டும். ஒவ்வொரு புல்பெரியாவின் வாசலுக்கு வெளியே ஒரு தராசும் ஓர் அளவுகோலும் வைக்க வேண்டும்.

புரட்சிக்கான அறைகூவல் எதுவும் இதில் இல்லை. சுரங்கத்தைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த மாவை வெளியே கொண்டுவந்து மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கும் உரிமையைக் கேட்டார்கள். சிலியின் தொழிலாளர் வரலாற்றில் இதனினும் நிதானமான, இதனினும் நியாயமான ஒரு மனுவைக் காண்பது கடினம்.

* * *

அந்த வாரம் முழுவதும் நகரில் கலவரம் நிகழவில்லை. வேலைநிறுத்தக் குழுவே ஒழுங்கைப் பேணும் பொறுப்பை ஏற்று, உணவுப் பங்கீட்டையும் காவலையும் முறைப்படுத்தியது. ஆயினும் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் வந்து நின்றன. மற்ற நகரங்களிலிருந்து படைப்பிரிவுகள் வந்திறங்கின. டிசம்பர் 19 அன்று, விடுப்பில் சென்றிருந்த மாகாண ஆளுநர் கார்லோஸ் ஈஸ்ட்மன் திரும்பி வந்தார். அவரோடு வந்தவர் ஜெனரல் ரொபேர்த்தோ சில்வா ரெனார்ட். கரையில் கூடியிருந்த தொழிலாளர்கள் ஆளுநரை நம்பிக்கையோடு வரவேற்றார்கள்.

பேச்சுவார்த்தை நடந்தது, ஆனால் இரு தரப்பும் ஒரே அறையில் அமர்ந்து பேசியதாகச் சொல்ல முடியாது. முதலாளிகளின் சங்கம், தொழிலாளர்கள் முதலில் பம்பாவுக்குத் திரும்ப வேண்டும், அதன்பிறகே கோரிக்கைகளைப் பரிசீலிக்க முடியும் என்று நின்றது. தொழிலாளர்களோ, திரும்பிவிட்டால் மீண்டும் தனித்தனித் தீவுகளாகிவிடுவோம் என்பதை அறிந்திருந்தனர்.

கூலி உயர்வின் ஒரு பங்கை அரசே ஏற்கலாம் என்ற யோசனையும் குடியரசுத் தலைவர் பேத்ரோ மொந்த்தின் தரப்பிலிருந்து முன்வைக்கப்பட்டது. அதையும் முதலாளிகள் ஏற்கவில்லை. பணம் சிக்கலே இல்லை என்றும், நெருக்கடிக்குப் பணிந்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் தொழிலாளர்களிடம் தங்களுக்குள்ள தார்மிக மதிப்பு குலைந்துவிடும் என்றும் அவர்கள் விளக்கம் தந்தனர்.

பல்லாயிரம் பேரின் உயிர் ஊசலாடிய நேரத்தில், கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரே இழப்பு மதிப்பின் இழப்பாக இருந்தது என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. தராசு வைப்பதற்கு ஆகும் செலவு எந்தக் கம்பெனியின் கணக்கேட்டிலும் ஒரு வரிக்குமேல் வந்திராது. ஆனால் தராசை வைத்தால் கடையின் நிறையைக் கேள்வி கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். அந்த ஒப்புதலைத்தான் அவர்களால் தர முடியவில்லை.

டிசம்பர் 20 அன்று புவெனாவெந்தூரா ஒஃபிசினாவில், இக்கீக்கேக்குப் புறப்பட முயன்ற தொழிலாளர்கள்மீது படையினர் சுட்டதில் சிலர் இறந்தனர். மறுநாள் காலை அவர்களின் சவ ஊர்வலம் இக்கீக்கேயின் தெருக்களில் சென்றது. அதே காலையில் நகரில் முற்றுகைநிலை அறிவிக்கப்பட்டது: கூட்டமாக நடமாடக் கூடாது, பள்ளியையும் சதுக்கத்தையும் விட்டு நீங்கி, நகர விளிம்பிலுள்ள குதிரைப் பந்தய மைதானத்துக்குச் செல்ல வேண்டும்.

* * *

டிசம்பர் 21, சனிக்கிழமை, பிற்பகல்

சில்வா ரெனார்ட் குதிரைமீது சதுக்கத்துக்கு வந்தபோது, மரத்தால் கட்டிய அப்பள்ளியின் உள்ளும் புறமும், அதன் மொட்டைமாடியிலும், எதிரேயுள்ள சதுக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் நிறைந்திருந்தனர். காலாட்படை முன்னே நின்றது. போர்க்கப்பலிலிருந்து இறக்கிய இயந்திரத் துப்பாக்கிகள் பள்ளியை நோக்கி நிறுத்தப்பட்டன. மொட்டைமாடியில் குழுவினர் சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா நாட்டுக் கொடிகளின் நடுவே நின்றனர்.

பெரு, பொலிவிய நாட்டுத் துணைத்தூதர்கள் தத்தம் நாட்டவர் வெளியேற வேண்டும் என்று வேண்டினர். மிகச் சிலரே வெளியேறினர். இரு தலைமுறைக்குமுன் அல்ல, வெறும் இருபத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு இதே பம்பாவுக்காக மூன்று நாடுகளும் ஒன்றையொன்று கொன்றுகுவித்தன என்பதை நினைத்தால், அந்நாடுகளின் தொழிலாளர்கள் அன்று ஒரே கூரையின்கீழ் இருக்கத் துணிந்தது எத்தகைய செயல் என்பது விளங்கும்.

மைதானத்துக்குச் சென்றால் ரயிலேற்றிப் பம்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்று தொழிலாளர்கள் கருதினர். அதிகாரிகள் மாறி மாறி வந்து பேசினர். ஒரு சிறு கூட்டம் மட்டும் பிரிந்து சென்றது. மற்றவர்கள் நகரவில்லை.

பிற்பகல் 3.45 மணியளவில் சுடும்படி ஆணை பிறந்தது.

முதல் குண்டுகள் மொட்டைமாடியை நோக்கிச் சென்றன. அடுத்து இயந்திரத் துப்பாக்கிகள் இயங்கின. பலகைச் சுவர்கள் குண்டுகளைத் தடுக்கவில்லை. வகுப்பறைகளுக்குள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. உயிர் தப்பியவர்களைப் படையினர் வரிசையாக மைதானத்துக்கு ஓட்டிச் சென்றனர். அடுத்தடுத்த நாட்களில் அவர்களுள் பெரும்பாலோர் ரயிலேற்றி, வந்த பாதையிலேயே பம்பாவுக்கு அனுப்பப்பட்டனர்.

* * *

இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. அரசுத் தரப்பு அறிக்கைகள் நூற்றுச் சொச்சம் என்றன. அன்று நகரில் இருந்தவர்களின் கூற்றுகள் பல நூறுகளிலிருந்து 2,000-க்கு மேல்வரை செல்கின்றன. லூயிஸ் அத்விஸ் இயற்றி, 1970-இல் கிலாப்பாயூன் இசைக்குழு அரங்கேற்றிய சாந்தா மரியா தே இக்கீக்கே என்னும் இசைநாடகம் 3,600 என்ற எண்ணை ஸ்பானிய மொழி உலகெங்கும் கொண்டுசென்றது. உடல்கள் பொதுக்குழிகளில் விரைந்து புதைக்கப்பட்டதாலும், பம்பாவின் தொழிலாளர்களில் பலர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத புலம்பெயர்ந்தோர் என்பதாலும், ஆய்வாளர்களிடையே இன்றும் உடன்பாடு ஏற்படவில்லை. எண்ணிப் பார்க்கும் உரிமையைக் கேட்டவர்களின் பிணங்களே எண்ணப்படாமல் போனது, இந்நிகழ்வின் கொடுமைகளுள் எளிதில் மன்னிக்க முடியாதது.

உள்துறை அமைச்சர் ரஃபாயெல் சோத்தோமயோர் நாடாளுமன்றத்தில் படையின் செயலை நியாயப்படுத்தினார். தண்டனை பெற்ற அதிகாரி எவரும் இல்லை. 1914-ஆம் ஆண்டு டிசம்பரில், சாண்டியாகோவின் தெரு ஒன்றில், அந்தோனியோ ராமோன் என்ற ஸ்பானியத் தொழிலாளி சில்வா ரெனார்ட்டைக் கத்தியால் குத்தினார்; ராமோனின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் இக்கீக்கேயில் கொல்லப்பட்டவர்களுள் ஒருவர். ஜெனரல் காயங்களோடு உயிர் பிழைத்தார்.

பம்பாவில் வேலை மீண்டும் தொடங்கியது. எனினும் அன்று இக்கீக்கேயில் இருந்த இளைஞர்களுள் ஒருவரான எலியாஸ் லஃபேர்த்தே பிற்காலத்தில் நாட்டின் முன்னணித் தொழிலாளர் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்தார் என்பதையும், சிலியின் இடதுசாரி இயக்கம் தன் பிறப்பிடமாக இப்பாலையையே இன்றளவும் கருதுகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

* * *

ஹம்பர்ஸ்டோனை விட்டு 5-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே செல்லும் வாகனத்தின் இருமருங்கிலும், இயற்கை மலை என்று முதலில் தோன்றும் தட்டைத் தலைக் குன்றுகள் வரிசையாக வருகின்றன. அவை கொதிதொட்டிகளிலிருந்து வாரிக் கொட்டிய கழிவு மண்ணின் மேடுகள். ஒவ்வொரு மேடும் ஓர் ஒஃபிசினா நின்ற இடத்தைக் காட்டுகிறது. மழையே இல்லாத நிலம் என்பதால் மேட்டின் விளிம்பில் மண்வெட்டியின் காலத்துச் சரிவுகள் கரையாமல் இருக்கின்றன. இடையிடையே மரச்சிலுவைகள் நட்ட இடுகாடுகள் உண்டு; அச்சிலுவைகளில் தொங்கும் மாலைகள், பூவே விளையாத ஊரில் பூவுக்காகத் தகரத்தை வெட்டி இதழிதழாக மடித்துச் செய்தவை. சின்னஞ்சிறு சிலுவைகளின் தொகை, குழந்தைகள் எவ்வளவு எளிதாக இறந்தார்கள் என்பதைச் சொல்கிறது.

1907-க்குப்பின் இந்த ஊர்கள் தேயவில்லை, பெருகின. 1913-இல் நைட்ரேட் ஏற்றுமதி ஆண்டுக்கு 25 லட்சம் டன்னைத் தாண்டியது. தங்கள் மதிப்பைக் காத்துக்கொண்டதாக நம்பிய முதலாளிகளுக்கு, உலகின் வயல்கள் அனைத்தும் இந்தப் பாலையையே என்றென்றும் எதிர்பார்த்து நிற்கும் என்பதில் ஐயம் இல்லாதிருந்தது. அவர்களிடம் மிக அதிகமாக வாங்கிய நாடு ஜெர்மனி.

ஆனால் 1909-ஆம் ஆண்டு ஜூலையில், அதே ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலாளர், மேசைமேல் அடங்கும் ஒரு கருவியில், காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் இணைத்து, திரவ அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக் காட்டினார். பி.ஏ.எஸ்.எஃப். (BASF) என்ற ஜெர்மன் வேதிப்பொருள் கம்பெனியின் ஆட்கள் அருகில் நின்று பார்த்தனர். 1913-இல், பம்பா தன் உச்சத்தை எட்டிய அதே ஆண்டில், ஓப்பாவ் என்ற ஊரில் அம்முறையில் இயங்கும் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மூண்ட உலகப்போர், சிலியின் உப்பை ஒரு பக்கம் வெடிமருந்துக்காக விழுங்கியது; மறுபக்கம், பிரிட்டிஷ் கடற்படை கடல்வழியை அடைத்ததால், ஜெர்மனியைக் காற்றிலிருந்தே உப்பெடுக்கும்படி நெருக்கியது.

தொழிலாளிக்கு ஒரு தராசைக்கூடத் தர மறுத்த கம்பெனிகள், தங்கள் ஏகபோகத்தின் அடித்தளத்தையே கரைக்கவிருந்த அந்தச் சொட்டுகளை எப்போது கவனித்தன? கவனித்தபோது, பம்பாவின் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இறங்கிப்போக வேறு பாதை ஏதேனும் எஞ்சியிருந்ததா?

(தொடரும்)